பொருநை கிளப்பின் வரலாற்றில் எட்டு வரிகள்

1

மும்பையை வெளிநாடு என்று சொன்னால் ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். பாஸ்போர்ட் கேட்காத ஊர் எப்படி வெளிநாடாகும்? ஆனால் நாற்பது வருடத்துக்கு மேலாக இங்கே இருக்கும் எனக்கு, ஒரு அரசாங்க அலுவலகத்தில் என் பெயரைச் சரியாக எழுதவைக்க இன்னும் முடியவில்லை. செல்லத்துரை என்ற பெயர் ரேஷன் கார்டில் 'சேலா தொரை' ஆனது. வாக்காளர் அட்டையில் அப்பாவின் பெயர் முன்னால் வந்து நான் பின்னால் போனேன். இரண்டையும் ஒன்றாக்க அலைந்து அலைந்து, இப்போது யாராவது "சேலா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

இருபத்தொரு வயதில் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தேன். தோல் பட்டறையில் கணக்குப் பார்த்தேன். பிறகு துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கிளார்க் ஆனேன். இப்போது செம்பூரில், மூன்றாவது மாடியில், மனைவியோடும் மகளோடும் இருக்கிறேன். மகள் நிவேதாவுக்குத் தமிழ் பேச வரும்; படிக்க வராது. அவளைப் பள்ளியில் சேர்க்கும்போது படிவத்தில் முந்தைய முகவரி கேட்டார்கள். தாராவி என்று எழுதக் கூச்சப்பட்டு, பக்கத்திலிருக்கும் 'சயன்' என்று எழுதினேன். அந்த மாதிரி ஆள் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வருடம் பொருநை கால்பந்து கிளப்புக்கு நாற்பது வயது. தலைவர் ராகேஷ் வீட்டுக்கு வந்தான். எங்கள் பழைய தடுப்பு ஆட்டக்காரர் ஒருவரின் மகன். தாராவியில் பிறந்து வளர்ந்தவன்.

"அங்கிள், விழா மலர் போடுறோம். கிளப்போட ஹிஸ்டரி நீங்கதான் எழுதணும். ஃபவுண்டர் செக்ரட்டரி ஆப் ஹீ ஹோ, நீங்கதானே."

"தமிழ்லதான்பா எழுத வரும்."

"எழுதுங்க அங்கிள். நிவேதா தீதி இங்கிலீஷ் பண்ணட்டும். தமிழ் நம்ம பசங்க யாரு படிக்கிறா?"

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அன்று மாலையே புது நோட்டு வாங்கினேன்.

2

வரலாற்றின் முதல் பக்கங்கள் தானாக வந்தன. தொண்ணூறு அடிச் சாலைக்குப் பின்னால் இருந்த சந்துகளில், ஞாயிற்றுக்கிழமை பட்டறைகள் மூடிய பிறகு ஆடத் தொடங்கியவர்கள் நாங்கள். மாஹிம் கழிமுகத்தை ஒட்டி ஒரு மண்மேடு இருந்தது. மழைக்காலத்தில் அது சேறாகும். சேற்றில் வெறுங்காலோடு ஆடிப் பழகிய பையன்களை, வழுக்காத தரையில் யாராலும் பிடிக்க முடியவில்லை.

எழுதப் படிக்கத் தெரிந்தவன், டைப்பிங் பாஸ் பண்ணியவன் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். ஊர் ஆற்றின் பழைய பெயரைக் கிளப்புக்கு வைத்ததும் நான்தான். பதிவு செய்யப் போன அலுவலகத்தில் இருந்த மராத்தி கிளார்க் பெயரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மராத்தியில் 'போர்' என்றால் பிள்ளை. 'நாய்' என்பது பேச்சுவழக்கில் 'இல்லை'. "பிள்ளைகளே இல்லாமல் எப்படி ஐயா ஃபுட்பால் கிளப்?" என்று இந்தியில் கேட்டார். விளக்கிச் சொல்ல எனக்கு அப்போது இந்தி போதாது. தலையாட்டிவிட்டு வந்தேன். பதிவுச் சான்றிதழில் 'போர் நாய்' என்றே ஏறிவிட்டது. அதைத் திருத்த எட்டு மாதம் ஆனது. அதற்குள் மற்ற டீம்களில் இருந்த தமிழ்ப் பையன்கள் எங்களைப் பார்த்ததும் மைதானத்தில் குரைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தக் குரைப்பை நிறுத்தியது மாட்டுங்காவில் நடந்த ஜூனியர் கோப்பை. பதினாறு வயதுக்குட்பட்டோர் ஆடும் போட்டி. கோப்பையை வென்றோம். அந்த வெற்றியால் லீக்கில் ஆட அனுமதி கிடைத்தது. மூன்றாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவு, பிறகு முதல் பிரிவு. எங்கள் கோல்கீப்பர் அருளுக்கு ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. இன்று விருப்ப ஓய்வு பெற்று, கல்யாணில் சொந்த வீட்டில் இருக்கிறான். அவனுக்குப் பின்னால் எத்தனையோ பையன்கள் வங்கிக்கும் சுங்கத்துக்கும் போனார்கள். சந்துக்குள் ஒரே அறையில் எட்டுப் பேராகத் தூங்கிய குடும்பங்கள் அந்தச் சம்பளத்தால் எழுந்து நின்றன. கிளப் அறையில் இன்று கோப்பைகளுக்கு மூன்று கண்ணாடி அலமாரி.

இவ்வளவும் உண்மை. எழுதும்போது கை ஓடியது. மாட்டுங்கா கோப்பைக்கு வந்ததும் நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து எட்டு வரி எழுதினேன்.

3

ஒரு சனிக்கிழமை நிவேதா மடிக்கணினியோடு மேஜைக்கு வந்தாள். நான் தமிழில் படிக்க, அவள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். அப்பாவும் மகளும் அப்படி ஒன்றாக உட்கார்ந்து பல வருடம் ஆகியிருந்தது. போர் நாய் கதைக்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மண்மேடு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாட்டுங்கா பக்கம் வந்தது. அரை இறுதியைப் படித்தேன். அங்கிருந்து நேராக இறுதி ஆட்டத்துக்குத் தாவினேன். குரலில் எந்த மாற்றமும் இல்லாமல்தான் படித்தேன் என்று நினைக்கிறேன். தட்டச்சுச் சத்தம் நின்றது.

"அப்பா, ஏக் மினிட். இங்க என்ன?" நோட்டில் விரலை வைத்தாள். "ஒன், டூ, த்ரீ... எட்டு லைன். நீங்க இத படிக்கவே இல்ல."

"அது வேண்டாம்மா. தப்பா எழுதிட்டேன்."

"தப்புன்னா அடிச்சிருப்பீங்கள்ல? மத்த எடத்துல எல்லாம் தப்ப அடிச்சிருக்கீங்க. இத மட்டும் அடிக்கல."

அவளுக்கு அந்த எழுத்துகளில் ஒன்றும் தெரியாது. ஆனால் நான் எந்த இடத்தில் குதித்தேன் என்பது தெரிந்துவிட்டது. "டீ போடட்டுமா?" என்று கேட்டேன். அவள் மடிக்கணினியை மூடினாள்.

"நீங்க படிக்கற வரைக்கும் நான் டைப் பண்ண மாட்டேன். பாதி ஹிஸ்டரிக்கு என்னால இங்கிலீஷ் போட முடியாது."

அவளுக்குத் தமிழ் படிக்கச் சொல்லிக்கொடுக்காமல் போனதைப் பற்றி ஊரிலிருந்து வருபவர்களிடம் குறைப்பட்டுக்கொள்வேன். அன்று அந்த நிமிடத்தில், நல்லவேளை இவளுக்குப் படிக்கத் தெரியாது என்று மனசு சொன்னது. அப்படி நினைத்த அப்பனாக நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

4

அந்த எட்டு வரியில் இருந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் டீமின் இடது பக்க ஆட்டக்காரனுக்குப் பலவேசம் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். உண்மையான பெயர் வேறு. அவன் பந்தோடு ஓடினால் எதிரிகளே ஒரு நிமிடம் வேடிக்கை பார்ப்பார்கள். கோப்பையை வெல்ல அவன் வேண்டும். ஆனால் அவனுக்கு வயது பதினெட்டு.

ஊர்ப் பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழை அவனிடமிருந்து நான்தான் வாங்கினேன். பிறந்த வருடத்தில் கடைசி எண்ணை பிளேடால் சுரண்டி, அதே நிற மையில் வேறு எண் போட்டேன். இரண்டு வயது குறைந்தது. தேதி பக்கத்திலேயே தமிழில் எழுத்தாலும் எழுதியிருந்தது. அதைத் தொடவில்லை. பம்பாயில் எவன் தமிழ் படிக்கப்போகிறான் என்று இருந்துவிட்டேன்.

அரை இறுதியில் பலவேசம் இரண்டு கோல் போட்டான். தோற்ற டீம் வயது பற்றிப் புகார் கொடுத்தது. மறுநாள் மாட்டுங்காவில் மாடி அறை ஒன்றில் விசாரணை. நானும் பலவேசமும் போனோம். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர், தலைமுறைகளாக மாட்டுங்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர். இஸ்திரி கலையாத சட்டை. அவர் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டதுமே நான் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டுமோ என்று தோன்றியது.

அவர் சான்றிதழைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு தமிழில் பேசினார்.

"ஏம்ப்பா, நம்பர்ல ஒண்ணு இருக்கு, எழுத்துல வேற ஒண்ணு இருக்கே? யாரு பண்ணின வேலை இது?"

சான்றிதழை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"பயப்படாமச் சொல்லு. கிளப்பே பண்ணிருந்தா உங்களை எடுத்துடுவோம். லீக்குக்கு அப்ளிகேஷன் வேற குடுத்திருக்கேள், அதுவும் போயிடும். இந்தப் பையன் தானாப் பண்ணி உங்களை ஏமாத்திருந்தான்னா, அவனோட முடிஞ்சுடும்."

அவர் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. சட்டத்தைத்தான் சொன்னார். பலவேசம் என் முகத்தைப் பார்த்தான். என்னைக் காட்டிக்கொடுக்கும் பார்வை இல்லை அது. அண்ணாச்சி என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்த பார்வை.

"அவன்தான் சார் கொண்டாந்து குடுத்தான். எங்களுக்குத் தெரியாது" என்றேன்.

பெரியவர் அவனிடம் கேட்டார். "நீ என்ன சொல்றே?"

"ஆமா சார்."

இரண்டே சொல். அவன் இரண்டு வருடம் எந்தப் போட்டியிலும் ஆடக்கூடாது என்று தீர்ப்பானது. மாடிப்படியில் இறங்கும்போது அவன் தோளில் கை போட்டேன். "பைனல் முடியட்டும்ல, பேசிச் சரி பண்ணிரலாம்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் ஜெயித்தோம். நான் யாரிடமும் போய்ப் பேசவில்லை. அவன் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினான். சில மாதத்தில் அவன் குடும்பம் சந்திலிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் நோட்டில் இல்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

5

நிவேதா மூன்று நாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான்காம் நாள் நான் வேறொரு பழைய ஆட்டக்காரரின் மகனிடம் விசாரித்து, பலவேசம் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டேன். கோவண்டி. செம்பூருக்கு அடுத்த ஸ்டேஷன். ரயிலில் ஏறி உட்காருவதற்குள் வந்துவிடும். இத்தனை வருடம் அவன் அங்கேதான் இருந்திருக்கிறான்.

தகரக் கூரை போட்ட மாடி வீடு. கீழே மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்த ஆளிடம் வழி கேட்டேன். நிமிர்ந்தது அவனேதான். முடி நரைத்து, கன்னம் ஒட்டியிருந்தது. லிஃப்ட் ரிப்பேர் கம்பெனி ஒன்றின் சட்டை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது.

"வாங்க அண்ணாச்சி."

அந்த ஒரு வார்த்தை போதும். இனி அவரை அவன் என்று எழுத முடியாது. மேலே கூட்டிப்போய் நாற்காலி போட்டார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். "ஊர்க்காரர், முந்தி தாராவில பழக்கம்" என்றார் மனைவியிடம். அதற்கு மேல் சொல்லவில்லை. மனைவி கடைக்குப் போகும்வரை ஊர் மழை, ரயில் நெரிசல் என்று பேசினோம். பிறகு நோட்டைத் திறந்து எட்டு வரியையும் படித்துக் காட்டினேன். அவர் முழுவதும் கேட்டார்.

"இத புஸ்தகத்துல போடப் போறீங்களா?"

"போடணும். நீ செய்யலங்கறது எல்லாருக்கும் தெரியணும்லா. நாப்பது வருசம் ஆச்சு, எனக்கு மனசு..."

"அண்ணாச்சி." கையைக் காட்டி நிறுத்தினார். "எம் பிள்ளைகளுக்கு நான் பந்து ஆடுனதே தெரியாது. ரெண்டு பயலும் கிரிக்கெட்டு பாப்பானுவ. அப்பா எப்பவும் லிஃப்ட் மெக்கானிக்குன்னுதான் நெனச்சிட்டு இருக்கானுவ. இப்பம் போயி, உங்கப்பன் ஆடுனான், அப்புறம் திருட்டுச் சர்டிபிகேட்டுன்னு வெளிய போட்டாங்க, அப்புறம் அவன் நல்லவந்தான்னு நாப்பது வருசங் கழிச்சுக் கண்டுபிடிச்சாங்க... இத்தனையும் நான் ஒக்காந்து அவனுவளுக்குச் சொல்லணுமா?"

நோட்டை மூடினேன்.

"அன்னைக்கு ஏன் ஆமான்னு சொன்ன?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"நீங்க அப்படிச் சொன்னதுக்கப்புறம் நான் மாத்திச் சொன்னா, மத்த பயலுவ பைனல் ஆட முடியாதுல்லா. அது கூடப் பெரிசில்ல அண்ணாச்சி. நீங்க ஜெயிச்ச அன்னைக்கு மேளம் அடிச்சிட்டு எங்க சந்து வழியா வந்தீங்க. நான் குளிச்சு, நல்ல சட்டை போட்டு, உள்ள ஒக்காந்திருந்தேன். யாராவது கதவத் தட்டுவாங்கன்னு. மேளம் வாசல்ல கொஞ்சம் நின்னுச்சு. பொறவு போயிருச்சு."

நான்தான் அந்த மேளக்காரர்களை அவசரப்படுத்தினேன். அவர் வீட்டு வாசல் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதையும் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பேரு எங்கயும் வராண்டாம். நீங்க செஞ்சத நீங்க எழுதுதீங்களா, எழுதிக்கோங்க. அது உங்க பாடு. டீ குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன். மறுக்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

6

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே நிவேதாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவள் தட்டச்சு செய்யவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பலவேசம் சொன்னதையும் சொன்னேன்.

"அப்ப அவர் பேரு வேண்டாம். உங்க பேரு போடுங்க," என்றாள்.

ஆங்கிலத்தில் அந்தப் பகுதியை அவளே எழுதினாள். ஆட்டக்காரர் ஒருவரின் சான்றிதழை அன்றைய செயலாளர் செல்லத்துரை திருத்தினார். விசாரணையில் பழியை அந்த ஆட்டக்காரர் மேல் போட்டார். இந்த வரலாற்றை எழுதுபவர் அவர்தான். மூன்றே வாக்கியம். சொந்த மகள் கையால் அது எழுதப்படுவதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று நான் யோசித்திருக்கவில்லை.

நாங்கள் அனுப்பியதை ராகேஷ் படித்துவிட்டு ஓடிவந்தான். "அங்கிள், யெ க்யா கர் தியா? என்ன இப்படிப் பண்ணிட்டீங்க? ஸ்பான்சர் எல்லாம் படிப்பாங்க. நாளைக்கு எதிர் டீம்காரன் இத காட்டி காட்டி நம்ம பசங்கள சீட்டர்னு சொல்லுவான். இப்ப ஆடற பசங்க என்ன தப்பு பண்ணாங்க?"

அவன் கேட்டது நியாயம்தான். ஆனாலும் இதை எடுத்தால் மொத்த வரலாறும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் மொத்தத்தையும் எடுத்துவிட்டான். விழா மலர் புகைப்படங்களோடும் விளம்பரங்களோடும் வந்தது. வரலாறு இல்லை.

இங்கே நான் முடித்திருந்தால் கொஞ்சமாவது நல்லவனாகத் தெரிந்திருப்பேன். விழாவுக்கு நிவேதாவோடு போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மேடைக்குப் போகக்கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன். ராகேஷ் ஒலிபெருக்கியில் "நம்ம ஃபவுண்டர் செக்ரட்டரி செல்லத்துரை சார்" என்றான். மண்டபம் முழுக்கக் கை தட்டியது. சின்னப் பையன்கள் கிளப் ஜெர்சியில் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். எழுந்தேன். நடந்தேன். மேடையில் சால்வை போட்டார்கள். கும்பிட்டேன். பேசச் சொன்னார்கள். "பொருநை நல்லா வளரணும்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

நிவேதாவும் நானும் டாக்ஸியில் திரும்பினோம். சயன் தாண்டிய பிறகு கேட்டாள். "மைக் உங்க கையிலதானே இருந்துச்சு?"

7

மறுநாள் காலை, பழைய ஆட்டக்காரர்களும் இப்போதைய பையன்களும் இருக்கும் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில், அவள் எழுதிய ஆங்கில வரலாற்றை முழுவதுமாகப் போடச் சொன்னேன். அவள் என் போனை வாங்கி, ஒட்டி, அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீங்களே அழுத்துங்க," என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். அழுத்தினேன்.

அரை மணி நேரத்தில் ராகேஷ் என்னைக் குழுவிலிருந்து நீக்கினான்.

மதியம் கல்யாணிலிருந்து அருள் கூப்பிட்டான். எங்கள் பழைய கோல்கீப்பர். என்னைத் திட்டப் போகிறான் என்று நினைத்தேன்.

"அண்ணே, எங்க எல்லாத்துக்கும் அன்னைக்கே தெரியும்ணே."

"என்னல சொல்லுத?"

"பிளேடு எங்கிட்டதான வாங்குனீங்க. மறந்துட்டீங்களா? எல்லாவனுக்கும் தெரியும். ஒருத்தனும் வாயத் தொறக்கல. பைனல் ஆடணும்லா. நான் அந்தக் கப்பக் காட்டித்தான் ரயில்வேல சேந்தேன். பென்சன் வாங்கும்போதெல்லாம் அவன் நெனப்பு வரும். ஒரு நாள் கூடத் தேடிப் போகல." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அவன் இருக்கானாண்ணே? எங்க இருக்கான்? அட்ரஸ் தாங்க."

"அவர்ட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

பலவேசத்துக்கு போன் போட்டேன். ஏதோ கட்டிடத்தில் வேலையில் இருந்தார். பின்னால் யாரோ இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள். எந்த இடத்திலும் அவர் பெயர் வரவில்லை என்று முதலில் சொன்னேன். "சரி" என்றார். அருள் கூப்பிட்டதைச் சொன்னேன். அவன் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். பிளேடு விஷயத்தையும் சொன்னேன்.

அவர் வேலை இடத்தைவிட்டுத் தள்ளி வந்தார் போல, பின்னால் கத்தல் குறைந்தது.

"அருளு இன்னும் குண்டாத்தான் இருக்கானா?"

"தெரியலப்பா. நானும் பாத்து வருசமாச்சு."

"ஞாயித்துக்கெழமை வரச் சொல்லுங்க. பிள்ளைகள் இருப்பானுவ. வந்து அவனே அவனுவட்ட சொல்லட்டும், நான் எப்படி ஆடுனேன்னு. மத்ததெல்லாம் வேண்டாம், ஆட்டத்த மட்டும் சொல்லட்டும்."

"சொல்லுதேன். நானும் அவனோட..."

"நீங்க வராண்டாம் அண்ணாச்சி," என்றார். குரலில் கோபம் இல்லை. "அவன் மட்டும் வரட்டும்."

சரி என்றேன். கோவண்டியில் எந்தப் பக்கம் இறங்க வேண்டும், எந்தக் கடைக்குப் பக்கத்தில் திரும்ப வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதி அருளுக்கு அனுப்பினேன்.